ஸ்வாகோப்முண்டின் மோல் கடற்கரை: முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் முறை நான் அந்தக் கடற்கரையில் போய் நின்றபோது காலை ஏழரை மணி. கடலின் இரைச்சல் கேட்டது, கடலைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற பனைமரத்தின் அடி தெரிந்தது, தலை மூடுபனிக்குள் இருந்தது. கையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, உடம்பில் பருத்திச் சட்டை; பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு நாயோடு நடந்துவந்த பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினொரு மணிக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எழுத வந்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதி, அங்குள்ள கல்சுவருக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பது.

ஊர் ஸ்வாகோப்முண்ட். நமீபியாவின் மேற்குக் கரையில், ஒரு பக்கம் நமீப் பாலைவனமும் மறுபக்கம் அட்லாண்டிக் பெருங்கடலும் நெருக்க, நடுவில் உட்கார்ந்திருக்கும் சிறு நகரம். நாட்டின் கடற்கரை முழுக்க முரட்டு அலை. வடக்கே போனால் எலும்புக்கூட்டுக் கரை என்றே பெயர். கப்பல்கள் உடைந்து கிடக்கும் கரை அது. இப்படிப்பட்ட கரையில் குழந்தையை நம்பி இறக்கிவிடக்கூடிய மணல் திட்டு ஒன்று ஊருக்கு நடுவிலேயே கிடைக்கிறது. 'மோல்' என்ற அலைதடுப்புச் சுவரின் மறைவில், பனைமரங்கள் வரிசையாக நிற்கும் சிறு வளைகுடா. பாம் பீச் என்றும் சொல்வார்கள், மோல் பீச் என்றும் சொல்வார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மீனவர் ஊர்களில் தூண்டில் வளைவு என்று சொல்வார்களே, அதுபோலக் கடலுக்குள் நீண்டு வளையும் சுவர்தான் மோல். ஆனால் இதைக் கட்டியவர்கள் குளிக்கிறவர்களை நினைத்துக் கட்டவில்லை. இந்த நிலப்பகுதியை 1884இல் ஜெர்மனி தன் காலனியாக்கிக்கொண்டபோது, அங்கிருந்த ஒரே நல்ல இயற்கைத் துறைமுகமான வால்விஸ் பே ஏற்கெனவே பிரிட்டன் கையில் இருந்தது. ஜெர்மானியர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு வாசல் வேண்டியிருந்தது. 1892இல் ஸ்வாகோப்முண்டை நிறுவினார்கள். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லைபீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட க்ரூ இனப் படகோட்டிகள் அலையைப் பிளந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்ப்பார்கள். பழைய சென்னையில் மசூலா படகுக்காரர்கள் செய்த அதே வேலை.

1899இல் சுவர் கட்டத் தொடங்கி 1903இல் முடித்தார்கள். 375 மீட்டர் நீளம். முடித்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே துறைமுகம் தூர்ந்துபோனது. வடக்கு நோக்கி ஓடும் கடலோட்டம் மணலைச் சுமந்துவந்து சுவருக்கு உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் ஒதுங்கி மெரினா அகன்றதும் இதே வகை ஓட்டத்தால்தான். அங்கே மணல் துறைமுகத்துக்கு வெளியே தங்கியது, இங்கே உள்ளேயே குடிவந்துவிட்டது. கப்பலுக்கு ஆகாமல் போன அந்தப் பள்ளம்தான் இன்றைய கடற்கரை. ஒரு பொறியாளரின் கணக்கு தப்பியதால் நமக்குக் கிடைத்த இடம்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் பேரலையைச் சுவர் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. உள்பக்கம் அலை தணிந்து வருகிறது. சுவரின் நுனியைத் தாண்டினால் மறுபடி அதே அட்லாண்டிக். கடற்கரை முழுவதும் ஒரே மணல் போலத் தெரிவதால் புதிதாக வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. வடக்கே நடந்து, கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஓரிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். கூட்டம் ஏன் குறைவு என்று யோசிப்பதில்லை.

எந்த மாதம், எந்த மணி

இது தென்கோளம், டிசம்பர், ஜனவரி கோடை. உள்நாட்டில் வெயில் கொளுத்தும்போது தலைநகர் விண்ட்ஹுக்கே மூட்டை கட்டிக்கொண்டு ஸ்வாகோப்முண்டுக்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். கடலில் இறங்கிக் குளிப்பதுதான் நோக்கம் என்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். நீர் கொஞ்சம் இளகியிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும்.

ஜூன், ஜூலை குளிர்காலம். ஆனால் அந்த மாதங்களில்தான் ஊரின் மிக வெப்பமான நாள்கள் சில வரும். பாலைவனத்துப் பக்கமிருந்து கிழக்குக் காற்று இறங்கும். ஓஸ்வேர் என்று ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் சொல்வார்கள். குளிர்காலத்தின் நடுவில் வெப்பம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டும். கூடவே மணலும் வரும். காரின் கண்ணாடியும் வண்ணப்பூச்சும் அரிபடும் அளவுக்கு வீசும் நாள்கள் உண்டு. அன்றைக்குக் கடற்கரையில் நிற்பது உப்புத்தாளால் முகம் தேய்த்துக்கொள்வதற்குச் சமம். சன்னலைச் சாத்திக்கொண்டு அறையில் இருங்கள்.

மற்ற நாள்களில் ஊரின் தட்பவெப்பம் ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறது. கடலோரமாக ஓடும் பெங்குவேலா குளிர்நீரோட்டத்தின் மேல் ஈரக்காற்று வரும்போது மூடுபனி பிறக்கிறது. இரவில் கரையேறி ஊரை மூடுகிறது. ஆண்டு முழுவதற்கும் 20 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊர் இது. பாலைவனத்து வண்டுகள் சில மணல்மேட்டு உச்சியில் தலைகீழாக நின்று முதுகில் படியும் பனித்துளியை வாய்க்கு வழியவிட்டுக் குடிப்பதும் இந்தப் பனியைத்தான். காலை பத்து, பதினொரு மணிக்குப் பனி விலகும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத் தென்மேற்குக் காற்று எழும்பும். ஆக, குளிக்கவும் குழந்தைகள் மணலில் விளையாடவும் உங்களுக்குக் கிடைப்பது நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம். பயணத் திட்டத்தில் இந்த நேரத்துக்கு வேறு எதையும் போடாதீர்கள். பாலைவனச் சுற்றுலாவோ அருங்காட்சியகமோ காலையில் வைத்துக்கொள்ளலாம். கடற்கரையைக் காலையில் வைத்துக்கொள்ள முடியாது. சில நாள் பனி விலகவே விலகாது. அதனால் இரண்டு பகலாவது கைவசம் இருக்கட்டும்.

புறப்படுமுன்

விசா விதிகளை டிக்கெட் எடுக்குமுன் நமீபியத் தூதரக வழியாக நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்மையில் மாறியவை அவை. பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். போகும் வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ வெளியே வந்து ஓரிரு நாள் தங்குவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். நமீபியாவில் நுழையும்போதும் கேட்பார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாது. ஸ்வாகோப்முண்டில் மலேரியா பயம் இல்லை. நாட்டின் வடபகுதிக்கும் போகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணம் நமீபிய டாலர். ஒரு டாலர் ஒரு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், ராண்டையும் கடைகளில் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் வாங்கமாட்டார்கள். கையில் மிஞ்சியதைக் கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும். கடற்கரைக்கு மட்டும் சில்லறை வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மின்சாரத்துக்கு ஒரு நல்ல செய்தி. நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய மூன்று முனைப் பிளக்தான் அங்கே எல்லாச் சுவரிலும். பெரிய பிளக் வைத்த இணைப்புப் பலகை ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் விமான நிலையத்தில் அடாப்டர் தேட வேண்டாம்.

துணிமணியில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஆப்பிரிக்கா, பாலைவனம், கடற்கரை என்று மூன்று சொற்களைக் கேட்டதும் மெல்லிய பருத்தி ஆடைகளாக அடுக்கிவிடுகிறார்கள். கனமான ஸ்வெட்டரோ காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டோ ஆளுக்கொன்று கட்டாயம். காதை மூடும் தொப்பி குழந்தைகளுக்கு. சன்ஸ்கிரீன் களிம்பும் அதே பையில் இருக்கட்டும். பனி மூட்டத்தின் வழியாகவும் வெயில் தோலைச் சுடும், குளிர்வதால் அது உங்களுக்கு உறைக்காது. மாலையில் கண்ணாடி பார்க்கும்போதுதான் மூக்கு சிவந்திருப்பது தெரியும். சுடிதாரோடும் புடவையோடும் நீரில் இறங்கும் வழக்கம் உள்ளவர்கள் இங்கே அதைத் தவிருங்கள். ஈரத்துணியின் கனம் ஒருபுறம்; இந்தக் காற்றில் ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருந்தால் சூடு விறுவிறுவென்று இறங்கிவிடும். முழுக்கை நீச்சலுடை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போய்ச் சேருவது

இரண்டு வழிகள். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்தோ கேப் டவுனிலிருந்தோ வால்விஸ் பே விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் வந்துவிடலாம். அல்லது தலைநகர் விண்ட்ஹுக்கில் இறங்கி சாலை வழியாக வரலாம். விண்ட்ஹுக் விமான நிலையம் நகருக்கு வெளியே 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ட்ஹுக்கிலிருந்து ஒகஹன்ஜா, கரிபிப், உசாகோஸ் வழியாக சுமார் 360 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். முழுக்கத் தார்ச்சாலை. நம்மூர் போல இடதுபக்கம் ஓட்டும் நாடு, அதனால் வண்டி எடுத்து ஓட்டுவது எளிது. ஓட்டாதவர்களுக்குப் பஸ்ஸும், பத்துப் பதினைந்து பேர் ஏறும் ஷட்டில் வண்டிகளும் இருக்கின்றன. உசாகோஸ் தாண்டியதும் வலப்பக்கம் தூரத்தில் ஸ்பிட்ஸ்கோப்பே என்ற கருங்கல் மலை தனியாக எழுந்து நிற்பதைப் பாருங்கள். அதன் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாததைத்தான் பார்க்க வேண்டும்.

இரவில் ஓட்டாதீர்கள். விலங்குகள் குறுக்கே வரும். கடைசி நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் சாலையை விழுங்கும், துறைமுகத்துக்குப் போகும் பெரிய லாரிகள் எதிரே வரும். பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். உசாகோஸில் வியர்த்து விறுவிறுத்துத் தண்ணீர் குடித்தவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து ஸ்வாகோப்முண்டில் இறங்கும்போது ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் என்று தேடுவார்கள். மேலே உள்ள பெட்டியில் வையுங்கள்.

மோலுக்கு நடப்பது

ஊர் நடுவில் தங்கினால் வண்டியே தேவையில்லை. சாம் நுயோமா அவென்யூவில் மேற்கே நடந்தால் கடல் வந்துவிடும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் உங்களுக்கு அடையாளம், 1902இல் கட்டியது. அதன் அருகிலேயே ஊரின் அருங்காட்சியகம், அதன் முன்னே மோல்.

காரில் வந்தால், நிறுத்தும் இடத்தில் ஒளிரும் மேலங்கி போட்ட ஒருவர் கையசைத்து வழிகாட்டுவார். கார் கார்டு, அதாவது கார்க் காவலாளி என்று சொல்வார்கள். சம்பளக்காரர் இல்லை, வண்டியைப் பார்த்துக்கொள்வதற்கு நீங்கள் கொடுக்கும் சில்லறைதான் அவர் வருமானம். இறங்கும்போதே அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுங்கள். நமீபியாவில் யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் ஹலோ, எப்படி இருக்கிறீர்கள், நான் நலம் என்ற மூன்றும் நடந்தாக வேண்டும். அதைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போனால் முகம் சுருங்கும். காசை இறங்கும்போது கொடுக்க வேண்டாம், திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது ஐந்தோ பத்தோ டாலர் கொடுங்கள். அவர் இருக்கிறாரே என்று பையையும் கைப்பேசியையும் கண்ணில் படும்படி சீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

கலங்கரை விளக்கத்தின் பக்கம் கைவினைப் பொருள் விற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் மகலானி கொட்டை செதுக்குகிறவர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ரசித்துக்கொண்டே எச்சரிக்கிறேன். மகலானி என்பது வடக்கே வளரும் ஒரு பனை வகை. அதன் கொட்டை பெரிய நெல்லிக்காய் அளவு. மேல்தோல் பழுப்பு, சுரண்டினால் உள்ளே தந்தம் போல வெள்ளை. இளைஞர் ஒருவர் உங்களோடு நடந்துகொண்டே பெயரைக் கேட்பார். எந்த நாடு என்பார். மனைவி பெயர், குழந்தை பெயர் கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் சின்னக் கத்தியோடு வேலை செய்துகொண்டிருக்கும். பத்தாவது அடியில் கையை விரித்தால் யானை, ஒட்டகச்சிவிங்கி உருவங்களுக்கு நடுவே உங்கள் மகள் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். இனி அதை அவர் வேறு யாருக்கு விற்பார்? என் மகள் பெயரில் 'ழ' இருக்கிறது. அதை ஆங்கில எழுத்தில் அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே வெட்டியிருந்தார், வீட்டில் இன்றும் அவளுக்கு அந்தப் பெயர்தான் பட்டப்பெயர். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பெயரைச் சொல்லாதீர்கள், சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள். வாங்குவதானால் செதுக்குமுன் விலை பேசுங்கள். வேலைப்பாடு உண்மையாகவே நன்றாக இருக்கும்.

நீரில் இறங்குவது

துண்டை விரித்ததும் ஓடிப்போய் விழாதீர்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, உள்ளூர்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இருபுறமும் வெள்ளை நுரை இருக்க நடுவில் மட்டும் நுரையில்லாமல் கருமையாக ஒரு பாதை தெரிந்தால், நீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் புதியவர்கள் இறங்குவார்கள்.

சுவரின் உள்பக்கம் என்றேன். சுவரை ஒட்டி என்று சொல்லவில்லை. கற்சுவரை ஒட்டியும் நீர் வெளியே இழுக்கும், அடியில் பாசி பிடித்த கல் வழுக்கும். வளைவின் நடுப்பகுதியில், மணல் மெல்லச் சரியும் இடத்தில், இடுப்பளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓதம் ஏறும்போது மணல்பரப்பு குறுகும். பையையும் செருப்பையும் மேலே ஏற்றி வையுங்கள். உயிர்காப்பவர் எந்நேரமும் இருப்பார் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள், குழந்தைகள் நீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

நீரின் குளிர்ச்சி பெரும்பாலும் 13 முதல் 18 டிகிரி வரை. நம்மூர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு இது வேறு பொருள். கணுக்காலில் முதலில் வலி வரும், பிறகு மரத்துப்போகும். முழங்கால் வரை வந்ததும் நின்று, கையால் அள்ளி மார்பிலும் பிடரியிலும் நனைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று மூழ்கினால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும்; அந்த நொடியில் அலை முகத்தில் அடித்தால் நீர் உள்ளே போய்விடும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். விரல் நுனி வெளுக்கத் தொடங்கினால், குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தால் உடனே கரையேறுங்கள். இதய நோய் உள்ளவர்கள் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஒருவேளை நீர் இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள், இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடம் வழியாகத் திரும்புங்கள்.

சில நாள் கடலில் இறங்கவே கூடாது. அதற்கான அடையாளம் மூக்குக்கு முதலில் தெரியும்: அழுகிய முட்டை நாற்றம். இந்தக் கரையோரக் கடலடியில் நுண்பாசிகள் மக்கிச் சேர்ந்த சேறு ஏராளம். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு அவ்வப்போது மேலே கிளம்பும். நீர் பால் கலந்த பச்சையாக மாறும், செயற்கைக்கோள் படத்தில்கூடத் தெரியும் அளவுக்கு. ஆக்சிஜன் இல்லாமல் மீன்கள் செத்து ஒதுங்கும். அன்று கரையில் நடங்கள், ஒதுங்கியதை எடுக்காதீர்கள். பாறையில் இருக்கும் மட்டிகளைப் பறித்துச் சமைக்கும் ஆசையும் வேண்டாம், 'ரெட் டைட்' எனப்படும், கடல்நீரே சிவக்கும் நச்சுப்பாசிக் காலத்தில் அவை விஷம். தூண்டில் போடுவதற்கு மீன்வளத் துறையின் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்.

பழுப்புக் கோடுகள் போட்ட பெரிய சொறிமீன்கள் மணலில் கிடக்கும். செத்துக் கிடப்பதுகூடக் கொட்டும். கடல்நாய் ஒன்று கரையேறிப் படுத்திருந்தால் படம் எடுக்க அருகில் போகாதீர்கள். தென்னாப்பிரிக்கக் கரையில் கடல்நாய்களுக்கு வெறிநோய் இருப்பது 2024இல் உறுதியானது. அதே இனம்தான் இங்கேயும்.

சுவரின் மேல் நடப்பது

கடல் அமைதியாக இருந்தால் மோலின் மேல் நடந்து போகலாம். இடப்பக்கம் முழு அட்லாண்டிக் மோதுவதும், வலப்பக்கம் பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவதும் ஒரே பார்வையில் தெரியும். பொறுமையாக நின்றால் சிலசமயம் டால்பின் துடுப்பு தென்படும். கல் நனைந்திருந்தால், அலை எங்கோ ஒருமுறை சுவரைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். அங்கிருந்து மேலே போகாதீர்கள்.

தெற்கே பத்து நிமிட நடையில் ஜெட்டி, இரும்புக் கால்கள் மேல் கடலுக்குள் நீளும் பாலம். மோல் தூர்ந்துபோனதும் 1905இல் மரத்தால் ஒரு பாலம் போட்டார்கள், பிறகு 1912இல் இரும்புப் பாலம் தொடங்கினார்கள். 262 மீட்டர் வரை வந்தபோது முதல் உலகப்போர் வந்துவிட்டது. அதுவும் பாதியில் நின்றது. ஆக, தோற்றுப்போன இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில்தான் ஊர் மாலை நடை போகிறது. சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க ஜெட்டி நல்ல இடம்.

சாப்பாடு

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நாட்டில் குறையே இல்லை. மீன் விரும்பிகள் கபில்யோ என்று கேளுங்கள், நம் கத்தாழை மீனின் குடும்பம். மசாலா இருக்காது, எலுமிச்சை, வெண்ணெய், உருளைக்கிழங்கு வறுவல். மிளகாய்ப்பொடி டப்பாவைக் கையோடு கொண்டுபோகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன்.

சைவர்கள் காலையில் ஜெர்மானிய ரொட்டிக்கடைகளை நம்பலாம். கெட்டித் தோல் கொண்ட சிறு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் ஸ்ட்ரூடல். சந்தைப் பக்கம் பெண்கள் விற்கும் ஃபேட்கேக் என்ற எண்ணெய்ப் பலகாரம் இனிப்புப் போண்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மற்றபடி சமையலறை உள்ள விடுதியாக எடுத்துக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொள்வதே நிம்மதி. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஊர் தூங்கும். வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒரு பகுதியை விட்டுவிடாதீர்கள்

கடற்கரையில் பனை நிழலில் உட்கார்ந்தால் எதிரே தெரிவதெல்லாம் அழகான ஜெர்மானியக் கட்டடங்கள். ஊரின் விளம்பரமும் அதுதான். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா மக்களை இனப்படுகொலை செய்தபோது, பிடிபட்டவர்களை அடைத்த முகாம்களில் ஒன்று இந்த ஊரில் இருந்தது. உள்நாட்டு வெப்பத்தில் வாழ்ந்தவர்களை இந்தக் குளிரில், இந்தப் பனியில், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் வைத்து வேலை வாங்கினார்கள். கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஊரின் தெற்கு ஓரத்தில், வறண்ட ஸ்வாகோப் ஆற்றங்கரைப் பக்கம் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரு பகுதியில் ஜெர்மானியர்களின் பளிங்குக் கல்லறைகளும் செடிகளும். அதைத் தாண்டினால் வெறும் மணலில் பெயரில்லாத சிறு மேடுகள், வரிசை வரிசையாக. 2021இல் ஜெர்மன் அரசு இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. 2025 முதல் மே 28ஐ நமீபியா நினைவுநாளாக அனுசரிக்கிறது. அங்கே போகும்போது நடைபாதையை விட்டு விலகாதீர்கள், மேடு எது தரை எது என்று சொல்வது கடினம். பனி இறங்கும் காலை வேளையில், மேலே போட்ட ஸ்வெட்டரோடு, நான் பத்து நிமிடம்கூட நிற்க முடியாமல் திரும்பினேன்.

மாலை

சூரியன் விழுந்ததும் கடற்கரையில் தங்காதீர்கள். வெளிச்சம் உள்ள தெருவழியே அறைக்குத் திரும்புங்கள், தூரமென்றால் விடுதிக்காரரிடம் சொல்லி நம்பகமான டாக்ஸியை வரவழையுங்கள். கார் நிறுத்திய இடத்தில் அந்த ஒளிரும் மேலங்கிக்காரர் காத்துக்கொண்டிருப்பார். சட்டைப்பையில் தனியாக எடுத்துவைத்த சில்லறை இப்போது உதவும்.

ஈரத் துணிகளை பால்கனிக் கம்பியில் காயப்போடாதீர்கள். பாலைவனம்தானே, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று நானும் போட்டேன். இரவில் பனி வந்து இறங்கி, காலையில் துண்டைப் பிழிந்தால் போட்டபோது இருந்ததைவிட அதிக நீர் வந்தது. அறைக்குள்ளே நாற்காலியில் விரித்துப் போடுங்கள், ஆளுக்கு இரண்டு துண்டாக எடுத்துப் போங்கள்.